குழிக்கு எத்தனை அடி?

கேள்வி: பாட்டனார் காலத்துப் பாகப் பத்திரத்தில் எங்கள் நிலம் "2 காணி 40 குழி" என்று இருக்கிறது, பட்டாவில் 1 ஹெக்டேர் 28 ஏர் என்று இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து மாப்பிள்ளை கணக்குப் போட்டு, பத்திரப்படி 79 சென்ட்தான் வருகிறது என்கிறார். எது சரி?
- ஒரு வாசகர், பாகூர்

பதில்: பட்டாதான் சரி. மாப்பிள்ளையின் பெருக்கலிலும் பிழையில்லை. அவர் எடுத்துக்கொண்ட குழி உங்கள் ஊர்க் குழி அல்ல, அவ்வளவுதான். தஞ்சைப் பகுதியில் குழி என்பது 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி. அப்படி 100 குழி சேர்ந்தால் ஒரு மா, 20 மா சேர்ந்தால் ஒரு வேலி. உங்கள் புதுச்சேரிப் பக்கத்திலோ குழி 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. அத்தகைய 100 குழியே ஒரு காணி. நிலம் அளக்கும் கோலின் நீளம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும் என்பதால், உங்கள் நிலம் அவருடைய கணக்கில் கால் பங்காகச் சுருங்கிவிட்டது. 240 குழி என்பது 1,38,240 சதுர அடி, ஏறத்தாழ 3 ஏக்கர் 17 சென்ட். மெட்ரிக்கில் 1 ஹெக்டேர் 28 ஏர் 43 சதுர மீட்டர். மிஞ்சும் 43 சதுர மீட்டர் உங்கள் ஊர்க் குழி ஒன்றுக்கும் (53.5 சதுர மீட்டர்) குறைவானது, அதற்காக வழக்குக்குப் போக வேண்டாம், பத்திரத்தில் எழுதிய நான்கெல்லை வரப்போடு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பழைய அளவைகள் உத்தேசமானவை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகள் "பன்னிரு சாண் கோல்", "பதினாறு சாண் கோல்" என்று அளந்த கோலையே பெயர் சொல்லிக் குறிக்கின்றன. கோயில் சுவர்களில் அளவுகோலைக் கோடாக வெட்டி வைத்த ஊர்களும் உண்டு. பின்னாளில் பத்திரம் எழுதியவர்கள் கோல் ஊரறிந்ததுதானே என்று குறிப்பிடாமல் விட்டதே இன்றைய குழப்பத்திற்குக் காரணம். மெட்ரிக் முறை 1795-இல் பிரான்சில் சட்டமானது. ஆயினும் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலேயே காணியும் குழியும் பேச்சிலிருந்து போகவில்லை என்பது வேடிக்கைதான்.

கேள்வி: வீட்டில் ஒரு பித்தளைப் படி இருக்கிறது. ஒரு படி அரிசி எத்தனை கிலோ?
- ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: படி முகத்தல் அளவை, கிலோ நிறுத்தல் அளவை, ஆகவே எல்லாப் பண்டத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. அதே படியில் அரிசி ஓர் எடை நிற்கும், அவல் வேறு எடை நிற்கும், தோலோடு கூடிய மல்லாட்டை (நிலக்கடலை) இன்னொரு எடை நிற்கும். தலைதட்டி அளந்தீர்களா, கூம்பாகக் குவித்து அளந்தீர்களா என்பதைப் பொறுத்தும் மாறும். எட்டு ஆழாக்கு ஒரு படி என்னும் வாய்பாடு பொதுவானது. ஆனால் பட்டணம் படி, சின்னப்படி என்று படியே பல இருந்தன. உங்களுடையது எது என்று அறிய, லிட்டர் குவளையால் தண்ணீர் ஊற்றி விளிம்புவரை நிரப்பிப் பாருங்கள். பிறகு தலைதட்டிய அரிசியை ஒருமுறை தராசில் நிறுத்து, அந்த எடையைப் படியின் அடியிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.