டெக்சாஸில் இருந்துகொண்டு நியூ ஜெர்சி ஆணையை மாற்ற முடியுமா?

வணக்கம். நியூ ஜெர்சி நீதிமன்றம் நிர்ணயித்த குழந்தைப் பராமரிப்புத் தொகையை, மகளுடன் நீங்கள் குடியேறியுள்ள டெக்சாஸிலேயே மனுச் செய்து உயர்த்த முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தந்தை இன்னமும் நியூ ஜெர்சியில்தான் வசிக்கிறார் என்று நீங்களே எழுதியிருப்பதால், இப்போதைக்கு முடியாது. அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் ஏற்றுள்ள மாநிலங்களுக்கிடையேயான பராமரிப்புச் சட்டத்தின்படி, தாய், தந்தை, பிள்ளை ஆகியோரில் ஒருவராவது ஆணையிட்ட மாநிலத்தில் வசிக்கும்வரை, பெற்றோர் இருவரும் எழுத்துமூலம் வேறு மாநிலத்துக்குச் சம்மதித்தாலொழிய, அதை மாற்றும் அதிகாரம் அங்கேயே நிற்கும். நாளை அவர் புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தாலும், ஆணையை அங்கே பதிவுசெய்து அங்கேதான் நீங்கள் கேட்க வேண்டியிருக்கும். மனுதாரர் தம் ஊர் நீதிமன்றத்துக்கே எதிர்தரப்பை இழுக்கக் கூடாது என்பது சட்டத்தின் எண்ணம். உங்களுக்கு அலைச்சல்தான், மறுக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பராமரிப்பு எந்த வயதுவரை என்பதையும் ஆணையிட்ட மாநிலத்தின் சட்டமே தீர்மானிக்கிறது. டெக்சாஸில் பொதுவாக 18 வயது அல்லது பள்ளிப் படிப்பு முடியும்வரை. நியூ ஜெர்சியில் பொதுவாக 19. ஆகவே பழைய ஆணை நீடிப்பது உங்கள் மகளுக்குச் சாதகமே. தொகையை உயர்த்தும் கோரிக்கையை டெக்சாஸ் அட்டர்னி ஜெனரலின் குழந்தைப் பராமரிப்புப் பிரிவு வழியாகவே நியூ ஜெர்சிக்கு அனுப்பிவைக்கலாம்.