பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவர் தெளிவாகப் பேசும்போதும் ஏன் மருந்து ஏற்றுகிறார்கள்?

அந்தத் தெளிவை நம்பக்கூடாது. பாராசிட்டமாலில் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறும். வழக்கமான அளவென்றால் உடலே உருவாக்கும் குளூட்டாதயோன் என்ற காப்புப்பொருள் அதை உடனே முடக்கிவிடும். அளவு மீறினால் குளூட்டாதயோன் கையிருப்பு தீர்ந்து, கல்லீரல் செல்கள் சாகத் தொடங்கும். விலாவுக்குக் கீழே வலி பெரும்பாலும் ஒரு நாள் கழித்துத்தான் வரும். பாதிப்பு உச்சத்தைத் தொடுவது 3, 4ஆம் நாளில்.

ஏற்றப்படும் மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் அந்தக் கையிருப்பை நிரப்புகிறது. விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரல் ஏறக்குறைய முழுதாகத் தப்பும். பரவலான 21 மணி நேர முறையில், உடல் எடையில் கிலோவுக்கு 150 மி.கி. முதல் ஒரு மணி நேரத்தில், 50 மி.கி. அடுத்த 4 மணி நேரத்தில், 100 மி.கி. மீதி 16 மணி நேரத்தில் ரத்தக்குழாய் (சிரை) வழியே ஏறும்.

ரத்தத்தில் பாராசிட்டமாலின் அளவை விழுங்கி 4 மணி நேரம் கழித்தே பார்க்க வேண்டும். முன்னதாக எடுத்தால் உறிஞ்சல் முடிந்திருக்காது, எண் ஏமாற்றும். விழுங்கிய நேரமே தெரியவில்லையா? நேரத்தையும் ரத்த அளவையும் ஒப்பிட்டுச் சிகிச்சை தேவையா என்று காட்டும் வரைபடம் உதவாது, அசிட்டைல்சிஸ்டீனைத் தொடங்கிவிடுவதே சரி.

அசிட்டைல்சிஸ்டீனின் முதல் டோஸின்போது தோல் சிவந்து அரிக்கலாம், மூச்சு இளைக்கலாம். நிறுத்தி, ஒவ்வாமை மருந்து கொடுத்து, மெதுவான வேகத்தில் மறுபடி ஏற்றுவார்கள். பயந்துபோய் அடியோடு கைவிடுவதுதான் பெரிய தவறு.

வயிற்றில் உள்ள பாராசிட்டமாலைப் பிடித்துக்கொள்ளும் செயலூட்டிய கரி (பெரியவர்களுக்கு 50 கிராம்) முதல் ஓரிரு மணி நேரத்தில், நல்ல நினைவோடு இருப்பவருக்கு மட்டும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மாத்திரை அட்டையோடு உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.