ஒரு பாட்டுக்கு இத்தனை பாடா?

போன இதழில் புதிதாகக் கிளம்பியிருக்கும் சுயாதீன பேண்டுகளையும் தனியாக வெளிவிடும் ஒற்றைப் பாட்டுகளான அவர்களுடைய சிங்கிள்களையும் பற்றி நாலு வரி எழுதப்போக, கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பாதி "எங்கள் பாட்டைக் கேட்டுச் சொல்லுங்கள்" ரகம். கேட்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். மீதியில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, நாங்கள் நாலு பேர், கைவசம் ஒன்பது பாட்டு தயார். ஆல்பமாகவே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. மற்ற மூவரும் ஒவ்வொரு சிங்கிளாக விடலாம் என்கிறார்கள். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.
*— ஒண்டிக்கட்டை டிரம்மர்*

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த மூவர் சொல்வதுதான் சரி. முன்பின் தெரியாத ஒருவர் உங்களுக்காக ஒதுக்கப்போவது மூன்று நிமிடம், அதுவும் வேறு ஏதாவது வேலை பார்த்துக்கொண்டே. அவரிடம் ஒன்பது பாட்டை ஒரே நாளில் கொண்டுபோய்க் கொட்டினால் முதல் பாட்டில் பாதியைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார், மற்ற எட்டும் கேட்பாரற்றுக் கிடக்கும். அந்த எட்டுக்கும் நீங்கள் எத்தனை ராத்திரி முழித்தீர்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

சிங்கிள் ஒன்றும் ஸ்ட்ரீமிங் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. நிமிடத்துக்கு 78 முறை சுற்றிய பழைய 10 அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் கொள்ளும். 1949-இல் ஆர்.சி.ஏ. விக்டர் 7 அங்குலத்தில் 45 சுற்றுத் தட்டைக் கொண்டுவந்த பிறகும் பக்கத்துக்கு ஒரு பாட்டு என்ற வழக்கம் தொடர்ந்தது. தட்டு போனாலும் அந்த மூன்று நிமிடப் பழக்கம் இன்னும் போகவில்லை.

இன்னொரு காரியமும் செய்யுங்கள். முதல் சிங்கிள் வந்து ஆறேழு வாரம் கழித்து இரண்டாவதை விடும்போது, முதல் பாட்டையும் அதற்குக் கீழே சேர்த்து இரண்டு பாட்டு ரிலீஸாகப் போடுங்கள். மூன்றாவது வரும்போது மூன்று பாட்டு. இப்படியே போனால் கடைசியில் ஆல்பம் தானாக நிரம்பியிருக்கும், புதுப் பாட்டைத் தேடி வந்தவர் பழையதையும் ஒரு கை பார்ப்பார். பழைய பாட்டை மறுபடி ஏற்றும்போது அதே ஒலிக்கோப்பையும் அதே ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணையும் கொடுக்க மறக்காதீர்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் இருக்கும் 12 எழுத்து அடையாளம் அது. அதை மாற்றிவிட்டால் அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும், புதுப் பாட்டு மாதிரி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அப்புறம், ஒன்பதில் சிறந்ததை மூன்றாவதாக விடலாம் என்று பதுக்கி வைக்காதீர்கள். முதல் பாட்டு எடுபடாவிட்டால் மூன்றாவதைக் கேட்க யார் இருக்கப்போகிறார்கள்?

வெள்ளிக்கிழமைதான் ரிலீஸ் செய்ய வேண்டும் என்று ஏதாவது விதி இருக்கிறதா? எவ்வளவு நாள் முன்னால் ஏற்ற வேண்டும்?
*— அவசரக்காரப் பாடகி*

விதி இல்லை, வழக்கம். முன்பெல்லாம் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு கிழமை. 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்க வெள்ளிக்கிழமை என்று இசைத்துறை ஒன்றுசேர்ந்து மாற்றிக்கொண்டது. அன்றைக்குப் பெரிய பேர்களின் பாட்டெல்லாம் கூட்டமாக வந்து விழும் என்பதால் செவ்வாய், புதன் என்று ஒதுங்கிக்கொள்ளும் சின்ன பேண்டுகளும் உண்டு, அதில் தப்பே இல்லை. ஆனால் பின்தொடரும் கலைஞர்களின் புதுப் பாட்டுகளைக் கேட்பவருக்குக் காட்டும் ஸ்பாட்டிஃபையின் ரிலீஸ் ரேடார் பட்டியல் புதுப்பிக்கப்படுவது வெள்ளிக்கிழமை. உங்களைப் பின்தொடர்பவர்கள் நூறு பேர்தான் என்றாலும் அந்த நூறு பேரிடம் காசு செலவில்லாமல் போய்ச் சேரும் வழி அது.

கிழமையைவிடப் பெரிய விஷயம் அவகாசம். ஸ்பாட்டிஃபையின் கலைஞர் பக்கத்தில் போய், இன்னும் வெளிவராத ஒரு பாட்டை அவர்களுடைய பிளேலிஸ்ட் ஆசிரியர்களின் பார்வைக்கு அனுப்பலாம். ரிலீஸுக்கு 7 நாளாவது முன்னால் அனுப்பிவிட்டால், அவர்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடாரில் நீங்கள் சொல்லும் அந்தப் பாட்டே போய் நிற்கும். பாட்டு வெளிவந்த பிறகு அனுப்ப வழியே கிடையாது. புதன் ராத்திரி மாஸ்டரிங் (கடைசி ஒலிச் சீரமைப்பு) முடித்து வியாழன் ஏற்றி வெள்ளி விடுகிற அவசரத்தில் பல பேர் கோட்டைவிடுவது இதைத்தான். என் கணக்கு நாலு வாரம். இரண்டு வாரம் ஏதாவது கோளாறைச் சரிசெய்யவே போய்விடும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

அனுப்பும்போது எழுதும் குறிப்பில் "வித்தியாசமான முயற்சி", "உங்களைக் கட்டிப்போடும் இசை" என்றெல்லாம் எழுதாதீர்கள். என்ன வகை, என்ன வாத்தியம், என்ன மனநிலை, பாட்டு எதைப் பற்றியது என்று நாலு வரி போதும்.

எங்கள் முதல் சிங்கிள் எதிர்பாராமல் நன்றாகப் போய்விட்டது. இப்போது கிட்டாரிஸ்ட் "மெட்டு என்னுடையது, பெரிய பங்கு எனக்கு" என்கிறார். ஸ்டுடியோ செலவில் முக்கால்வாசி என்னுடையது. எழுத்தில் எதுவும் இல்லை. என்ன செய்வது?
*— நொந்துபோன பேஸ்*

வெண்ணெய் திரளும்போது தாழி உடைகிற கதை. எனக்கு வந்த கடிதங்களில் ஐந்தாறு இதே ரகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரிகளும் ஒன்று. அதைப் பாடி, வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று, மாஸ்டர் என்பது அதுதான். இரண்டுக்கும் பணம் தனித்தனி வழியில் வருகிறது. மாஸ்டருக்கான பணம் நீங்கள் பாட்டை ஏற்றிய டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது பாட்டைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் நிறுவனம், வழியாக வரும். மெட்டுக்கும் வரிகளுக்குமான ராயல்டி, பாட்டை எழுதியவர்கள் உரிமைச் சங்கத்தில் பதிவு செய்துகொண்டால்தான் வரும், அதைப் பல பேர் செய்வதே இல்லை. ஆக, உங்கள் கிட்டாரிஸ்ட் சொல்வதும் நியாயமாக இருக்கலாம், நீங்கள் சொல்வதும் நியாயமாக இருக்கலாம், இரண்டு பேரும் வேறு வேறு சொத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மெட்டு அவருடையதென்றால் மெட்டின் பங்கு அவருக்கு. ஸ்டுடியோ செலவு உங்களுடையதென்றால் மாஸ்டர் வருமானத்தில் முதலில் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு பிறகு பிரியுங்கள்.

இன்றைக்கே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். பாட்டின் பெயர், தேதி, மெட்டில் யாருக்கு எத்தனை சதவீதம், வரிகளில் எத்தனை, மாஸ்டரில் எத்தனை, யாராவது விலகினால் அவர் பங்கு என்ன ஆகும். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். யார் எத்தனை சுரம் போட்டார் என்று எண்ணிக்கொண்டிருக்கப் பிடிக்காத பேண்டுகள் சமமாகவே பிரித்துக்கொள்வதும் உண்டு. ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் பேண்ட் தங்கள் பாட்டுகளை நாலு பேர் பெயரிலுமே போட்டது, பணமும் சமமாகப் பிரிந்தது, அந்த நால்வரும் பதினேழு வருஷம் ஒன்றாக வாசித்தார்கள். எனக்குப் பிடித்த முறை அதுதான், ஆனால் நாலு பேருக்கும் மனசு வர வேண்டும்.

இன்னொன்று, டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? பணம் யார் வங்கிக் கணக்குக்குப் போகிறது? கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருந்து அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் பாட்டும் அவரோடு போய்விடும். ஆண்டுச் சந்தா கட்டாவிட்டால் பாட்டையே இறக்கிவிடும் நிறுவனங்களும் உண்டு, அதையும் பாருங்கள்.

பீட்டையோ லூப்பையோ (பிறர் செய்து விற்கும் தாளப் பின்னணி, திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டு) இணையத்தில் வாங்கிப் பாட்டில் போட்டிருந்தால் அதன் உரிமத்தையும் எடுத்துப் படியுங்கள். பிரத்யேக உரிமம் இல்லாத பீட்டை உங்களைப் போலவே இன்னும் ஐம்பது பேர் வாங்கியிருக்கலாம். அதில் ஒருவர் பதிந்த ஒலி எந்த வீடியோவில் வந்தாலும் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டால் உங்கள் வீடியோ வருமானத்துக்கு அவர் உரிமை கோரிக்கொண்டு நிற்பார். அந்த மாதிரிப் பாட்டை நீங்களும் கன்டென்ட் ஐடியில் பதியக் கூடாது.

கொஞ்சம் பணம் கொடுத்தால் பத்தாயிரம் ஸ்ட்ரீம் தருகிறோம் என்று ஒருவர் செய்தி அனுப்பினார். வாங்கலாமா?
*— சபலக்காரன்*

வேண்டாம். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் ஒலிப்பதிவு ராயல்டியே கணக்காகும் என்பதால் இந்த வியாபாரிகளுக்கு இப்போது நல்ல காலம். ஆனால் அதே ஆண்டிலிருந்து, போலிக் கேட்பு அப்பட்டமாகத் தெரியும் பாட்டுகளுக்கு டிஸ்ட்ரிபியூட்டரிடமும் லேபிளிடமும் (இசை வெளியீட்டு நிறுவனம்) அபராதம் வசூலிக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றி உங்கள் தலையில் வந்து விடியும், பாட்டையே இறக்கினாலும் இறக்குவார்கள். காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். "பிளேலிஸ்டில் கட்டாயம் இடம் வாங்கித் தருகிறேன்" என்பவரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

எங்கள் சிங்கிள் 7 நிமிடம். முதல் ஒன்றரை நிமிடம் காற்றின் ஒலியும் கீபோர்டும் மட்டும். சுருக்கச் சொல்கிறார்கள். கலையைச் சுருக்கலாமா?
*— சமரசம் செய்யாதவன்*

சுருக்க வேண்டாம். ஆனால் முதல் சிங்கிளாக விட வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி கேட்டால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு, உங்கள் பாட்டில் 30 நொடிக்குள் காற்றுதான் வீசிக்கொண்டிருக்கும். நாலாவது பாட்டாக விடுங்கள், அதற்குள் உங்கள் மேல் நம்பிக்கை வந்தவர்கள் பொறுத்திருந்து கேட்பார்கள். நானும் கேட்பேன், காற்று எனக்குப் பிடிக்கும்.

மாஸ்டரிங்கில் சத்தத்தை எவ்வளவு ஏற்றுவது?
*— ஃபேடர் பைத்தியம்*

ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்செய்துதான் ஒலிக்கவிடுகிறது. நீங்கள் நசுக்கி நசுக்கி ஏற்றினாலும் அங்கே இறக்கிவிடுவார்கள், நசுங்கியது மட்டும் மிச்சம். அதற்காக 14-ஐக் கட்டிக்கொண்டும் அழ வேண்டாம், டிரம்ஸ் மூச்சுவிடுகிறதா என்று காதால் கேளுங்கள்.

பேண்டுக்குப் பெயர் வைக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?
*— பெயரிலி*

ஏற்கெனவே யாராவது வைத்திருக்கிறார்களா என்று. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கிட்டத்தட்ட தாலாட்டு மாதிரி ஒரு பாட்டைப் பதிந்து ஏற்றினோம், ரிலீஸ் அன்று எங்கள் பக்கத்தில் தேடினால் காணவில்லை. கடைசியில் பார்த்தால் அதே பெயரில் வேறெங்கோ ஒரு டெத் மெட்டல் குழு இருக்கிறது, எங்கள் தாலாட்டு அவர்கள் பக்கத்தில் மண்டை ஓட்டுப் படத்துக்குக் கீழே போய்ச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அவர்களுடைய ரசிகர்கள் எழுதியதை இங்கே அச்சிட முடியாது. பக்கத்தைப் பிரித்து வாங்க மூன்று வாரம் ஆனது, ரிலீஸ் சூடு அதற்குள் ஆறிப்போனது. ஏற்றும்போதே "இது புதுக் கலைஞர்" என்று குறிக்கும் இடம் இருக்கும், நாங்கள் அதைப் பார்க்காமல் தாண்டிப் போயிருந்தோம். எனவே முதலில் ஸ்ட்ரீமிங் தளங்களில், அப்புறம் யூடியூபில் தேடிப்பாருங்கள். ஒரு முறை காதில் விழுந்ததை வைத்து எழுத்துக்கூட்டித் தேட முடிகிற பெயராகவும் இருக்கட்டும்.

லேபிள் இல்லாமல் எதுவும் நடக்காது என்கிறாரே என் மாமா?
*— மருமகன்*

மாமாவிடம் 1977 ஜனவரியைப் பற்றிச் சொல்லுங்கள். பஸ்காக்ஸ் என்ற பேண்ட் 500 பவுண்டு கடன் வாங்கி, தாங்களே ஒரு லேபிள் பெயர் வைத்து, நாலு பாட்டுள்ள 7 அங்குலத் தட்டை 1,000 பிரதி போட்டது. அது விற்றுத் தீர்ந்து மேலும் மேலும் அடித்தார்கள். இன்றைக்கு அச்சடிக்கிற செலவும் இல்லை. கடன் வாங்கும் முன் மட்டும் மாமாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் வாசிப்பவள் இல்லை, கேட்பவள். பிடித்த சின்ன பேண்டுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?
*— ஒரு ஜோடி காது*

முடிந்தால் வாங்குங்கள் அம்மா. ஸ்ட்ரீமிங்கில் ஒரு கேட்புக்கு இவ்வளவு என்று நிலையான கூலி கிடையாது. மொத்தப் பணம் ஒரு பானையில் விழுந்து, மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை பங்கு என்று பிரிகிறது, சின்ன பேண்டுக்கு அதில் சொட்டுதான் வரும். பேண்டுகள் நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஒரு சிங்கிளை வாங்கினால் தளம் வழக்கமாக எடுப்பது 15 சதவீதம், பணம் செலுத்தும் கட்டணம் போக மற்றதெல்லாம் அவர்களுக்கு. 2020 மார்ச்சிலிருந்து அவ்வப்போது ஒரு வெள்ளிக்கிழமை தளம் தன் பங்கையே விட்டுக்கொடுக்கிறது, அன்றைக்கு வாங்கினால் இன்னும் நல்லது. வாங்க முடியாவிட்டால் பாட்டைச் சேமித்து வையுங்கள், ஒரு நண்பருக்குப் பாட்டின் பெயரைச் சொல்லி அனுப்புங்கள். சும்மா இதயக்குறி போடுவதைவிட "இரண்டாவது சரணத்தில் அந்த இடம்" என்று ஒரு வரி எழுதினால் அந்தப் பையன்கள் ஒரு மாதம் தூங்க மாட்டார்கள்.

சிங்கிள் வந்து ஒரு மாதம். 212 பேர் கேட்டிருக்கிறார்கள், 19 பேர் சேமித்திருக்கிறார்கள். அடுத்த பாட்டை விடுவதா, விட்டுவிடுவதா? அதன் டெமோவையும் அனுப்பியிருக்கிறேன்.
*— 212*

212-ஐப் பார்க்காதீர்கள், 19-ஐப் பாருங்கள். பதினோரு பேருக்கு ஒருவர் திரும்பக் கேட்க வேண்டும் என்று எடுத்து வைத்திருக்கிறார், அதிலும் உங்கள் சொந்தக்காரர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் யார் என்று கலைஞர் பக்கத்தில் தேடுங்கள், எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்தப் பட்டியல் வழியாக வந்தார்கள் என்று கொஞ்சம் தெரியும். அடுத்த பாட்டை அந்தப் பக்கம் கொண்டுபோங்கள்.

டெமோ கேட்டேன். பல்லவி முந்தைய பாட்டைவிட நன்றாக வந்திருக்கிறது. பேஸ் மட்டும் குரலை விழுங்குகிறது, இரண்டு டெசிபல் குறைத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்.