காட்டுக்குள் ஒரு நாள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒரு நாள் முழுக்கத் தேசியப் பூங்காவுக்குள் வண்டியில் சுற்றினோம். மான்களைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. என்ன தவறு செய்தோம்?

பதில்: சுற்றியதுதான் தவறு. ஓடுகிற வண்டியின் சத்தம் உங்களுக்கு முன்னாலேயே போய் விலங்கை எச்சரித்துவிடும். காட்டின் சத்தமோ உங்கள் காதில் விழவே விழாது.

வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். விடிந்து முதல் இரண்டு, மூன்று மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும்தான் பாலூட்டிகள் அதிகம் நடமாடும் வேளை. அப்போது மெதுவாக, மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், புல்வெளியும் மரக்காடும் சேரும் ஓரங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். மேய்ச்சலும் மறைவிடமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் விலங்குகளுக்குப் பிடித்த இடம் அந்த ஓரம்தான்.

வெயில் ஏறியபின், பூங்கா விதி அனுமதித்தால், ஒரு நீர்நிலை அருகே வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். குறைந்தது 45 நிமிடம். முதல் 15, 20 நிமிடம் ஒன்றுமே நடக்காது. வண்டியைக் கண்டு ஒதுங்கியவை அடங்கித் திரும்ப அவ்வளவு நேரம் பிடிக்கும். பெரும்பாலான வண்டிகள் சரியாக அந்த நேரத்தில்தான் கிளம்பிப் போகின்றன. வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். தண்ணீருக்கு வரும் தடத்தின் மேல் நிற்க வேண்டாம், எதிர்க்கரை நல்லது. நல்ல மழைக்காலத்தில் இந்த உத்தி பலிக்காது. எங்கும் தண்ணீர் கிடைக்கும்போது ஒரே குளத்தைத் தேடி எதுவும் வராது.

கேள்வி: வழிகாட்டிகள் ‘கால்’ (call, மற்ற விலங்குகளின் எச்சரிக்கைக் குரல்) கேட்டதாகச் சொல்லி வண்டியைத் திருப்புகிறார்கள். எந்தச் சத்தத்தை நம்பலாம்?

பதில்: புலி, சிறுத்தை உள்ள நம் காடுகளில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். புள்ளிமானின் எச்சரிக்கைக் குரல் கீச்சென்று உயர்ந்து ஒலிக்கும். ஆனால் அது சட்டென்று மிரளும் விலங்கு. ஒரு முறை கத்தி அடங்கினால் பொருட்படுத்த வேண்டாம். விட்டுவிட்டுத் தொடர்ந்து கத்தினால் கவனியுங்கள். கடமான் அப்படியல்ல, வாலைத் தூக்கி, முன்காலைத் தரையில் தட்டியபடி ‘டாங்க்’ என்று கனத்த குரலில் அது திரும்பத் திரும்பக் கத்தினால், பெரும்பாலும் வேட்டை விலங்கைக் கண்டுவிட்டது அல்லது மோப்பம் பிடித்துவிட்டது என்று பொருள்.

லங்கூர் குரங்கின் குரல் இருமல் மாதிரி இருக்கும். அது மரத்தின் உச்சியில் இருப்பதால் உங்களுக்குத் தெரியாதது அதற்குத் தெரியும். குரலைவிட அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதே முக்கியம். தலை மெல்லத் திரும்பிக்கொண்டே வந்தால், கீழே எதுவோ நடந்து போகிறது. இரண்டு, மூன்று இனங்கள் ஒரே பக்கம் பார்த்துக் கத்தினால் உடனே விரட்டிப் போகாதீர்கள். வேட்டை விலங்கு நடக்கும் திசையைக் கணித்து, அடுத்து பாதையைக் கடக்கக்கூடிய இடத்துக்குச் சற்று முன்னால் போய் இன்ஜினை அணைத்துக் காத்திருங்கள்.

கேள்வி: பாதையில் கண்ட கால்தடம் புதிதா பழையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் யாருடையது என்று பாருங்கள். புலி, சிறுத்தையின் தடத்தில் நான்கு விரல் பதியும், நகம் பதியாது. உள்ளங்கால் திண்டின் பின்விளிம்பு மூன்று வளைவாக இருக்கும். செந்நாய், கழுதைப்புலி என்றால் நகக்குறி விழும். கரடிக்கு ஐந்து விரலும், தள்ளி விழும் நீண்ட நகக்குறிகளும் உண்டு.

இனி வயது. பனி பெய்யும் காலத்தில் பாதைப் புழுதியின் மேல் அதிகாலையில் மெல்லிய ஏடு படிந்து, மரத்திலிருந்து சொட்டிய துளிகள் சின்னச் சின்னக் குழியாகத் தெரியும். தடத்துக்குள் அந்தக் குழிகள் இல்லாமல் புழுதி வழவழப்பாக இருந்தால், விலங்கு போனது பனி இறங்கியபின். தடத்துக்குள்ளேயும் துளிக்குழி இருந்தாலோ, வண்டு ஊர்ந்த கோடு அதைக் குறுக்கே கடந்திருந்தாலோ, அது முன்னிரவுச் சமாசாரம். காலையில் முதல் வண்டி உங்களுடையது என்றால் இன்னும் எளிது. நேற்று மாலை டயர் தடத்தின் மேல் கால்தடம் விழுந்திருந்தால், இரவில் வந்திருக்கிறது. இதற்காக வண்டியை விட்டு இறங்கக் கூடாது. கதவோரம் உட்கார்ந்து சாய்ந்து பார்த்தாலே தெரியும். பக்கவாட்டு வெயிலில் தடம் நன்றாக எழும்பித் தெரியும்.

கேள்வி: பைனாகுலர் வாங்கினேன். பார்த்தால் ஒரு கண்ணுக்குத் தெளிவு, மறு கண்ணுக்கு மங்கல். கருவியில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் டயாப்டர் (இரு கண்ணின் பார்வை வித்தியாசத்தை ஈடுகட்டும் வளையம்) சரி செய்யாததுதான். நடுக் கீலை மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒன்றாகத் தெரியும் அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். வலப்பக்க லென்ஸைக் கையால் மூடி, தூரத்து மரக்கிளை ஒன்றை இடக்கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் குழாயிலுள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே கிளையைத் தெளிவாக்குங்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். அதன்பின் நடுச்சக்கரம் மட்டுமே வேலை செய்யும். கண்ணாடி அணிபவர்கள் ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிவிட வேண்டும்.

இனிமேல் வாங்குபவர்களுக்கு 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸின் அகலம் 42 மில்லிமீட்டர்) போதும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 10x25 சின்னக் கருவியில் அது 2.5 தான், விடியலில் இருட்டடித்துவிடும். பத்து மடங்குக்கு மேல் போனால் கைநடுக்கமும் அத்தனை மடங்காகும். விலங்கைக் கண்டதும் குனிந்து கருவியைத் தேடாதீர்கள். கண்ணை அதன் மேலேயே வைத்தபடி கருவியைக் கண்ணுக்கு உயர்த்துங்கள்.

கேள்வி: யானை வழியில் நின்றால் எவ்வளவு தூரம் விட வேண்டும்?

பதில்: அந்தந்தப் பூங்காவின் விதியே முதலில். ஓர் அளவுக்குச் சொல்வதென்றால், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டரும் மற்ற விலங்குகளிடமிருந்து 23 மீட்டரும் தள்ளி நிற்க வேண்டும். யானைக்கு 23 எல்லாம் போதாது. 50 மீட்டருக்கு முன்பே நிறுத்துங்கள், குட்டி இருந்தால் இன்னும் தள்ளி. பின்னால் வரும் வண்டி ஒட்டி நின்றால் ரிவர்ஸ் எடுக்க வழியில்லாமல் போகும். இதுதான் அடிக்கடி நேரும் ஆபத்து.

சீராகக் காதசைத்து, வாலாட்டி மேய்ந்தால் நிம்மதியாக இருக்கிறது. காது அசைவு நின்று விரிந்தபடி இருந்தால், தலை உயர்ந்தால், தும்பிக்கை நுனி உங்கள் பக்கம் திரும்பினால், உங்களைக் கவனித்துவிட்டது. மண் வாரி இறைப்பது, புல்லைப் பிடுங்கித் தின்னாமல் வைத்திருப்பது, முன்காலை ஊஞ்சலாட்டுவது எல்லாம் ‘போய்விடு’ என்பதன் அடையாளம். அதற்குள் பின்வாங்கியிருக்க வேண்டும். பிளிறியபடி காதை விரித்து ஓடிவருவது பல நேரம் மிரட்டல்தான், ஆனால் அதை நம்பி நிற்கக் கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வழிந்து கறுத்த கோடாக இருந்தால், பின்கால்கள் சிறுநீரில் நனைந்திருந்தால், அந்தப் பாதையையே விட்டுவிடுங்கள். ஹாரன், ஃபிளாஷ் எதுவும் வேண்டாம்.

கேள்வி: காட்டெருமையைப் படமெடுத்தால் சாம்பல் நிறமாக, அசங்கிப்போய் வருகிறது.

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. கறுத்த உடல் சட்டத்தை நிரப்பும்போது, வெளிச்சம் போதவில்லை என்று கேமரா நினைத்துக் கூட்டிவிடும். எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவு) 0.7 முதல் 1 ஸ்டாப் வரை குறையுங்கள். வெள்ளைக் கொக்குக்கு நேர்மாறு. அசங்குவதற்கு ஷட்டர் வேகம்: 300 மி.மீ. லென்ஸுக்குக் குறைந்தது 1/300 நொடி, நடக்கும் விலங்குக்கு 1/500, ஓடுவதற்கு 1/1000. விடியலில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். படத்தில் விழும் பொடியைப் பிறகு குறைக்கலாம், அசங்கலைத் திருத்த முடியாது. வண்டிக் கதவின் மேல் முக்கால் பங்கு தானியம் நிரப்பிய துணிப்பையை வைத்து அதன் மேல் லென்ஸைக் கிடத்துங்கள். இன்ஜின் ஓடினால் அந்த அதிர்வே படத்தைக் கெடுக்கும்.

கேள்வி: என்ன நிற உடை? அட்டைக்கு என்ன செய்வது?

பதில்: மங்கிய பச்சை, பழுப்பு. மான்களுக்கு ஆரஞ்சும் சிவப்பும் சரியாகத் தெரியாது, நீலமும் வெள்ளையும் பளிச்சென்று தெரியும். நிறத்தைவிட அசைவுதான் காட்டிக்கொடுக்கும். கை நீட்டிச் சுட்டிக்காட்டாமல் ‘பெரிய மரத்துக்கு இடப்பக்கம்’ என்று மெதுவாகச் சொல்லுங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம்.

அட்டைக்கு உப்பும் நெருப்பும் வேண்டாம். வயிற்றிலுள்ளதை அது காயத்துக்குள் கக்கிவிடலாம். மெலிந்த முனைதான் வாய்ப்பக்கம். தோலை ஒட்டி நகத்தால் அங்கே தள்ளுங்கள், பிறகு பருத்த முனையை. இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது விட்டுச்செல்வதால் கசிவு கொஞ்ச நேரம் நிற்காது. சோப்பு போட்டுக் கழுவி, சுத்தமான துணியை அழுத்திக் கட்டுங்கள்.