எழுதி வாங்கினால் போதுமா?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் நாற்பது பேரை வைத்து லேத் பட்டறை நடத்துகிறேன். ஆர்டர் குறைந்ததால், பதினோரு வருடமாக இருந்த, சம்பளம் கூடிவிட்ட ஆபரேட்டர் ஒருவரை ஆபீசுக்குக் கூப்பிட்டு, ராஜினாமா எழுதி வாங்கி அனுப்பினேன். இப்போது தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனில் மனு கொடுத்திருக்கிறார். தொழிலாளி நினைத்தால் நின்றுவிடலாம், முதலாளி நினைத்தால் நிறுத்தக் கூடாதா?

பதில்: தாராளமாக நிறுத்தலாம், அதற்கு உண்டானதைக் கொடுத்துவிட்டு. ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். உங்கள் ஆளுக்கு 165 நாள் சம்பளம் வருகிறது. அதை மிச்சம் பிடிக்கத்தானே அவர் கையாலேயே எழுத வைத்தீர்கள்? மிரட்டி வாங்கிய ராஜினாமா கோர்ட்டில் ராஜினாமாவாக நிற்காது.

ஆர்டர் குறைந்தது, சரி. அப்படியானால் அதே வேலையில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ‘பழைய ஆள், சம்பளம் அதிகம்’ என்று எழுத உங்களுக்கே கை வராது.

அவர் நின்றால் நீங்கள் கேட்டில் ‘ஆள் தேவை’ போர்டு மாட்டுவீர்கள். நீங்கள் நிறுத்தினால் அவர் அந்த வயதில் எந்த கேட்டில் போய் நிற்பார்? இரண்டும் ஒன்று என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இனி ‘ஒழுங்கீனம்’ என்று பேச்சை மாற்றாதீர்கள் (யாராவது சொல்லிக் கொடுப்பார்கள்). அதற்குக் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, அவர் பதிலைக் கேட்டு, விசாரித்திருக்க வேண்டும். சொல்லாமல் வேலைக்கு வராதவரைக்கூட விசாரிக்காமல் நீக்கக் கூடாது என்று 1993-இல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதுவும் தனியார் கம்பெனி வழக்குதான்.

சட்டம் தொழிலாளி பக்கமே சாய்கிறது என்றும் புலம்ப முடியாது. தொழிற்சாலையில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற வரம்பு 100 பேராக இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அதை 300 ஆக்கிவிட்டது. உங்கள் பட்டறைக்கு அந்த அனுமதி பழைய சட்டத்திலும் தேவைப்படவில்லை. அரசுக்குத் தகவல் கொடுத்தால் போதும்.

சமரசப் பேச்சுக்கு நீங்களே போங்கள், மஸ்டர் ரோலும் (வருகைப் பதிவேடு) சம்பள ரிஜிஸ்டரும் கையில் இருக்கட்டும். வழக்கு தீர்ப்பாயம் வரை போனால், சும்மா இருந்த காலத்துக்கும் சம்பளம் கொடுத்து அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லலாம். அப்புறம், கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனிக் கணக்கு. 30 நாளில் தராவிட்டால் வட்டியும் சேரும்.