கேளுங்கள் சொல்கிறேன்: ராடு, குண்டு பல்பு, பழுப்பேறிய பிளக்

கேள்வி: 1500 வாட்ஸ் என்று எழுதியிருந்த தண்ணீர் சுடவைக்கும் ராடு ஒன்று வாங்கினேன். விடிகாலையில் ஒரு வாளி சீக்கிரம் சுட்டுவிடுகிறது, ராத்திரி ஏழு மணிக்குப் போட்டால் ஆமை வேகம். பக்கத்து வீட்டுப் பையன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு 35 ஓம் என்கிறான். மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா? (வாசகி, பட்டுக்கோட்டை)

பதில்: சரக்கு சரியான சரக்குதான், அந்தப் பையன் சொன்ன 35 ஓமே அதற்குச் சாட்சி. ஓம் என்பது கம்பி கரன்டுக்குக் காட்டும் தடையின் அளவு, ஆம்பியர் என்பது ஓடுகிற கரன்டின் அளவு. வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர், அந்த ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் வாட்ஸ், இவ்வளவுதான் கணக்கு. 230-ஐ 35-ஆல் வகுங்கள், 6.57 ஆம்பியர் வரும். அதை மறுபடி 230-ஆல் பெருக்கினால் 1511 வாட்ஸ். அட்டையில் போட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் அட்டையில் 1500-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 230 வோல்ட் என்றும் இருக்கும் பாருங்கள், அதை யாரும் படிப்பதில்லை. ராட்டுக்குச் சொந்தம் என்று சொன்னால் அந்த 35 ஓம்தான், வாட்ஸ் என்பது உங்கள் வீட்டுக்கு அப்போது வருகிற வோல்டேஜைப் பொறுத்தது. தெருவே டிவியும் மோட்டாருமாக ஓடுகிற நேரத்தில் உங்கள் வீட்டில் 180 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 180-ஐ 35-ஆல் வகுத்தால் 5.14 ஆம்பியர், பெருக்கினால் 925 வாட்ஸ். வோல்டேஜ் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், சூடோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது, ஏனென்றால் வோல்ட் இறங்கும்போது ஆம்பியரும் கூடவே இறங்குகிறது. 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 45-க்குக் கொண்டுவர 1500 வாட்ஸில் பன்னிரண்டரை நிமிஷம், 925-இல் இருபது நிமிஷம் ஆகும். நேரம்தான் கூடும், பில் கூடாது. இரண்டு கணக்கிலும் கிட்டத்தட்ட 0.31 யூனிட்தான். அப்புறம் ஒன்று, பையனிடம் சொல்லுங்கள், ஓம் பார்ப்பது எப்போதும் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான்.

கேள்வி: மல்டிமீட்டரை வைத்து ஒரு பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பை அளந்தேன், 65 ஓம் காட்டியது. கணக்குப் போட்டால் 800 வாட்ஸுக்கு மேல் வருகிறது. மீட்டர் பழுதா, ஓம் விதி பழுதா? (கல்லூரி மாணவர், ஈரோடு)

பதில்: இரண்டும் இல்லை, நீங்கள் அளந்தது எரியாத பல்பை. ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி, கம்பியின் சூடு மாறாமல் இருந்தால்தான் பொருந்தும். பல்பு எரியும்போது உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை 2500 டிகிரி பக்கம் போகிறது, அப்போது அதன் தடை பத்துப் பதினைந்து மடங்கு எகிறிவிடும். திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 60-ஐ 230-ஆல் வகுத்தால் 0.26 ஆம்பியர், 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் சுமார் 880 ஓம். எரியும் பல்பின் தடை அதுதான். சுவிட்சைத் தட்டிய அந்தக் கண நேரத்துக்கு மட்டும் உங்கள் 800 வாட்ஸ் நிஜம், அதனால்தான் குண்டு பல்புகள் பெரும்பாலும் போடும்போதே ‘டப்’பென்று ஃபியூஸ் போகும். ராட்டில் இருக்கும் நிக்ரோம் கம்பி சூட்டுக்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது, பட்டுக்கோட்டைக் கணக்கு சரியாக வந்ததற்குக் காரணம் அதுதான்.

கேள்வி: ஒயரைக் கவ்விப் பிடித்தே ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் ஒன்று புதிதாக வாங்கினேன். அதை அயர்ன் பாக்ஸ் ஒயரில் மாட்டினால் பூஜ்யம் காட்டுகிறது. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: முழு ஒயரையும் சேர்த்துப் பிடித்திருப்பீர்கள். போகிற கரன்டும் வருகிற கரன்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கரன்ட் போகிற ஒயர், வருகிற ஒயர் இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டும் கவ்வ வையுங்கள்.

கேள்வி: 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு. அரை மணி நேரம் ஓடினால் பிளக்கில் கை வைக்க முடியவில்லை, ஒரு பின் மட்டும் பழுப்பேறியிருக்கிறது. அடுப்பை மாற்றுவதா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: அடுப்பு பாவம், அதை விடுங்கள். ஒரு பின் மட்டும் பழுப்பேறியிருக்கிறது என்று எழுதினீர்களே, குற்றவாளி அந்தப் பின் போகும் சாக்கெட் ஓட்டைதான். சாக்கெட்டின் உள்ளே பித்தளை நாக்கு தளர்ந்து பின்னைப் பிடிக்காமல் இருக்கிறது. அந்த இடத்தில் வெறும் அரை ஓம் தடை என்று வைத்துப் பாருங்கள். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். அரை ஓம் வழியாக 8.7 ஆம்பியர் போனால் அங்கே விழுவது 4.35 வோல்ட், இரண்டையும் பெருக்கினால் 38 வாட்ஸ். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான், அதைவிடப் பெரிய ஒன்றை சுவருக்குள் செருகி வைத்த மாதிரி ஆகிறது! அடுப்பை 1000-இல் வைத்தால் ஆம்பியர் பாதியாகும், பின்னில் வரும் சூடு கால் பங்காகும், ஏறத்தாழ 9.5 வாட்ஸ். அதை நம்பி நாள் ஓட்ட வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு 16 ஆம்பியர் சாக்கெட்டாக மாற்றச் சொல்லுங்கள், பிளக்கும் புதிதாக இருக்கட்டும். எலக்ட்ரீஷியன் கருகிய ஒயர் நுனியையே மறுபடி முறுக்கிச் செருகப் பார்ப்பார், விடாதீர்கள், செம்பு பளிச்சென்று தெரிகிற இடம் வரை வெட்டிவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.