இத்தாலிய நத்தார் (கிறிஸ்மஸ்) விசுக்கோத்தை வீட்டில் செய்ய முடியுமா? எனக்குக் கல்லாகவே வருகிறதே, ஏன்?

முடியும். ஆனால் நீங்கள் செய்த விதத்தில் முடியாது.

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: சிசிலியின் அத்திப்பழ விசுக்கோத்து செய்தீர்கள், கல்லாக வந்தது, கழிவறை கழுவியது போல ஒரு மணம் அடித்தது, அப்படியே குப்பையில் கொட்டினீர்கள். மிச்சத்தை நானே ஊகிக்கிறேன். ஒரு காணொளியைப் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமை பின்னேரம் தொடங்கி இரவுச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். வெளியே எடுத்த சூட்டோடு ஒன்றைக் கடித்திருப்பீர்கள். அந்தக் கடைசிக் காரியத்தை மட்டும் செய்யாமல் இருந்திருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. குப்பையில் கொட்டினேன் என்பதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. சிசிலியில் இருக்கிற பலெர்மோவுக்கு வந்து இருபத்தொரு வருடம். அதில் பதினொரு வருடம் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சமையல் பள்ளிக்கூடம் எதிலும் படித்ததில்லை. ஆகவே "இத்தாலியர் இப்படிச் செய்வதில்லை" என்று எழுத வருபவர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். இத்தாலி முழுவதற்கும் ஒரே நத்தார் விசுக்கோத்து கிடையாது. சியெனாவின் ரிச்சரெல்லி பாதாமும் சீனியும் முட்டை வெள்ளையும். பிராத்தோவின் கந்தூச்சியை இரண்டு தரம் சுடுவார்கள், அது கடினமாகத்தான் இருக்கவேண்டும், வைனில் தோய்த்துச் சாப்பிடுகிற சாமான். நீங்கள் செய்தது சிசிலியுடையது. இத்தாலிய மொழியில் புச்செல்லாத்தி, சிசிலிப் பேச்சில் குச்சிதாத்தி. அதற்குள்ளும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். நான் சொல்வது ஒரு வீட்டுக் கணக்கு.

வந்த புதிதில் எனக்கு பாஷை தெரியாது. ஆனால் அந்த அம்மா, நான் சிஞோரா என்றுதான் கூப்பிடுவேன், நத்தாலே என்றார், பிஸ்கோத்தி என்றார், ஃபோர்னோ என்றார். நத்தார், விசுக்கோத்து, பாண் சுடுகிற போறணை. போர்த்துக்கேயர் நம்மிடம் விட்டுப்போன சொற்கள் அன்றைக்கு எனக்கு உதவின. அதே மாதிரி டிசம்பர் 8ஆம் திகதி, மாதாவின் திருநாள் விடுமுறையன்று, பிள்ளைகள், மருமகள், பேத்தி, மாடி வீட்டுக்காரி என்று எல்லோரும் சமையலறை மேசையைச் சுற்றி நின்றதைப் பார்த்ததும் என்ன நடக்கிறது என்று யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் பயத்தம் பணியாரமும் அரியதரமும் சுடுகிற நாள் இப்படித்தான் இருக்கும். ஒருத்தி தனியாகச் செய்கிற பலகாரம் இல்லை இது. நீங்கள் தனியாகச் செய்தீர்கள், சரியா?

உள்ளீட்டைச் சிஞோரா அதற்கு ஒரு வாரம் முன்பே செய்து வைத்துவிடுவார். அரைக் கிலோ அத்திப்பழ வற்றலைச் சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, காம்பை நறுக்கி, இறைச்சி அரைக்கும் மெஷினில் போட்டு அரைப்பது. மிக்சியில் அடித்தால் களியாகிவிடும். அதோடு ஒரு கைப்பிடி முந்திரிகை வற்றல், வறுத்துக் கொத்திய பாதாமும் வால்நட்டும், தோடம்பழத் தோல், கறுவா, கராம்பு, கொஞ்சம் கறுப்புச் சொக்லேட், தேன், ஒரு சின்னக் கிளாஸ் மர்சாலா வைன். அப்புறம் சுக்காத்தா என்று ஒன்று: சுரைக்காய் இனத்துக் காயைச் சீனிப்பாகில் போட்டு எடுத்தது. அதை முதன்முதலில் வாயில் போட்டபோது கண் கலங்கிவிட்டது. நம் நாட்டுக் கிறிஸ்மஸ் கேக்குக்குப் போடுகிற பூசணித் தோசி, அசல் அதே. சுக்காத்தா கிடைக்காவிட்டால் கவலைப்படாமல் அதைப் போடுங்கள். எல்லாவற்றையும் சின்ன நெருப்பில் கிளறி இறக்கி, மூடி, குறைந்தது ஒரு இரவாவது வையுங்கள்.

மாவுக்கு: அரைக் கிலோ கோதுமை மா (பாண் சுடுகிற பலமான மா வேண்டாம், மென்மையானது), 150 கிராம் சீனி, 150 கிராம் பன்றிக்கொழுப்பு, இரண்டு முட்டை, கொஞ்சம் பால். "சைவக்காரி பன்றிக்கொழுப்பில் கை வைத்தாளா" என்று ஒருத்தர் கேட்பார். வைத்தேன். சம்பளம் வாங்கிய வேலை. என் வீட்டில் வெண்ணெய் போடுகிறேன், கொஞ்சம் குறைவாக உதிரும், அவ்வளவுதான். முக்கியம் என்னவென்றால் ரொட்டிக்குக் குழைப்பது போலக் குழைக்கக்கூடாது. சேர்ந்து வந்ததும் கையை எடுத்துவிடவேண்டும். நீங்கள் காணொளிக்காரி சொன்னபடி பத்து நிமிடம் அடித்துக் குழைத்திருந்தால், கல் வந்த வழி அதுதான்.

இனி மணத்துக்கு வருகிறேன். அமோனியம் பைகார்பனேட், மாவைப் பொங்கவைக்கப் போடுகிற தூள். இங்கே பலகாரத்துக்கான அமோனியா என்று சின்னப் பாக்கெட்டில் விற்கும். சூடு பட்டதும் அமோனியாவும் கரியமில வாயுவும் நீராவியுமாகப் பிரிந்து போய்விடும். மெல்லிய, உலர்ந்த விசுக்கோத்தில் வாயு முழுக்க வெளியேறிவிடும், மொறுமொறுப்பு மட்டும் மிஞ்சும். தடித்த கேக்கில் போட்டால் உள்ளேயே தங்கிவிடும். அரைக் கிலோ மாவுக்கு 5 கிராம் போதும், இளஞ்சூட்டுப் பாலில் கரைத்து ஊற்றவேண்டும்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால் பட்டவள் என்பதால். சிஞோரா இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்த வருடம், "ஜோயா, இந்த முறை நீதான்" என்றார். ஜோயா என்றால் இங்கே கண்ணே என்பது போல. என் வீட்டில், தனியாக, ஒரு பின்னேரத்தில் செய்தேன். மா இறுக்கமாக இருக்கிறதே, பொங்காதோ என்ற பயத்தில் அமோனியாவை இரண்டு மடங்காகப் போட்டேன். இருபது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தேன் பாருங்கள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. படிக்கட்டு முழுக்க மணம். கீழ் வீட்டுக்காரி மேலே ஏறி வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன சமைக்கிறீர்கள்?" என்றாள். "புச்செல்லாத்தி" என்றேன். கையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டாள். "ஓ, சன்னலைத் திறந்து விடுங்கள், என் அம்மா வீட்டிலும் இப்படித்தான்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அதே பெண் தான், நான் செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்துக் கறித்தூள் இடிக்கிற நாளில், அதுவும் வருடத்துக்கு இரண்டு தரம், குடியிருப்பாளர் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லி முறைப்பாடு செய்தவள். கூட்டக் குறிப்பில் "வெளிநாட்டு வாசனை" என்று எழுதினார்கள். லிஃப்ட் ஒன்பது மாதமாக ஓடவில்லை, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் மாதாமாதம் லிஃப்ட் காசு கட்டுகிறேன், நான்காம் மாடிக்கு அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். கேட்டால், பட்டியலில் இருக்கிறதாம். சரி, விடுங்கள், உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அந்த விசுக்கோத்தை நான் கொட்டவில்லை. ஆறவிட்டுத் தகர டின்னில் போட்டு வைத்தேன். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்: சுட்ட அன்று எல்லா குச்சிதாத்தியும் கடினம்தான். இரண்டு மூன்று நாளில் உள்ளே இருக்கிற அத்திப்பழத்தின் ஈரம் மாவுக்கு ஏறி இளகிவிடும். ஆஸ்பத்திரிக்கு நான்காம் நாள் கொண்டுபோனேன். சிஞோரா ஒன்றைக் கடித்து, கொஞ்ச நேரம் மென்று, "அமோனியா கூடிப்போச்சு" என்றார். பிறகு இன்னும் இரண்டு சாப்பிட்டார்.

உருட்டும் முறை சுலபம். பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு மாவை நாடாவாகத் தட்டி, நடுவில் பெருவிரல் மொத்தத்துக்கு உள்ளீட்டை வைத்துச் சுற்றி, ஓரம் அடியில் வரவிட்டு, விரல் நீளத்துக்கு வெட்டி, மேலே இரண்டு மூன்று கீறல். ஆழமாகக் கீறினால் தேன் வழிந்து கருகும். 180 பாகையில் இருபது நிமிடம். செம்மஞ்சளாக நிறம் வரும்வரை காத்திராதீர்கள், ஓரம் மட்டும் பொன்னிறம் காட்டினால் எடுங்கள். நன்றாக ஆறியபின் ஐசிங் சீனியை எலுமிச்சைச் சாற்றில் குழைத்துப் பூசி, காயமுன் கலர்ச் சீனிமணி தூவவேண்டும். அதற்கு இங்கே குட்டிப் பிசாசுகள் என்று அர்த்தம் வருகிற பெயர் ஒன்று உண்டு, பேத்தி சொல்லிச் சிரிப்பாள்.

சிஞோரா இப்போது இல்லை. வீட்டை விற்றபோது அந்த இரும்பு அரைக்கும் மெஷினைப் பிள்ளைகள் எனக்குத் தந்தார்கள். இந்த வருடத்துக்கு அத்திப்பழம் இரண்டு கிலோ வாங்கியாயிற்று, மூன்று சிநேகிதிகளை எட்டாம் திகதிக்கு வரச்சொல்லியிருக்கிறேன். கீழ் வீட்டுக்கு ஒரு தட்டு கொடுப்பதா என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.